பையுள்

கோத்தகிரி டானிங்டனில் பழைய உரக் கிடங்கின் மாடி,
இரண்டே அறை அருங்காட்சியகம்.
பதினோரு மாத ஒப்பந்தத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
இந்தப் பருவம் முழுக்கப் பைகள்.

வாசலில் ஒரு பலகை:
பைகளை வெளியே வைக்கவும்.
படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்,
சிரித்துக்கொண்டே ஆணியில் மாட்டிவிட்டு
டோக்கன் வாங்குகிறார்கள்.

படிவத்தில் நீளம், அகலம், இழை, தையல், கொடுத்தவர்.
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பிட்டவர்
தனித்தமிழ்ப் பற்றுள்ள யாரோ.
பையுள், என்று போட்டிருக்கிறார்.
பைக்குள் என்ன என்று கேட்கிறாராம்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்.

தபால் பை. கழுத்துச் சுருக்கத்தில்
அரக்கின் சிவப்பு இன்னும் பொடிப்பொடியாய்.
பையுள்: இல்லை.
குதிரைப் பந்தயத்துக்குப் போக
எந்தத் துரைசாணிக்கோ கோத்த பாசிமணிப் பை,
மூன்று விரல் நுழைந்தால் அதிகம். இல்லை.
தோடர் போர்வையின் மடிப்பில் தைத்துவிட்ட உட்பக்கம்
பைதானா என்று குழுவில் இரண்டு மணி நேரம் வாதம்,
போர்வை தன் சிவப்பையும் கறுப்பையும்
காட்டிக்கொண்டு கிடந்தது. இல்லை.
பர்லியார் சாவடியில் பறிமுதலான கேரிபேக்.
பூச்சி அரிக்காது, பூஞ்சை தொடாது.
எங்கள் எல்லோருக்கும் பிறகும் இருக்கப்போவது
அது ஒன்றுதான்.

மற்றவற்றுக்கு ஈரம் பகை.
மூன்று மணிக்கெல்லாம் மூடுபனி
ஜன்னல் இடுக்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
ஈரம் குடிக்கும் குருணை அடைத்த ஒரு சின்னப் பை வைக்கிறேன்.
இங்கே பைக்குள் போக அனுமதி
இன்னொரு பைக்கு மட்டும்தான்.

எண் நாற்பத்தொன்று
கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்தது.
மில்லின் பெயர் தலைகீழாக நிற்கிறது.
ஹட்டன் பக்கத்து லயம், தலைமன்னார், கப்பல்,
மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.
கொடுத்தவர் இருதயராஜ், டேன்டீ, பணி ஓய்வு.
பூச்சி சாகட்டும் என்று ஒரு வாரம்
காம்பாய் கடை பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டியில்
வெனிலாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.
பூச்சி செத்தது.
பனி இறங்கும் நாளில் இன்னும் மாசிக்கருவாடு மணக்கிறது.
எங்கிருந்தோ ஒரு சாம்பல் பூனை வந்து
அந்தக் கண்ணாடிக்கு மட்டும் காவல் இருக்கிறது.
வாசனைக்குப் படிவத்தில் கட்டமில்லை.

எழுத்துப்பிழை பார்க்க அகராதியைத் திறந்த அன்று கண்டேன்.
பையுள்: துன்பம். நோய்.
மாலைப் பொழுதோடு ஒட்டிக்கொண்டு
பழம்பாட்டில் வரும் சொல்.
நாற்பது படிவங்களைத் திரும்பப் புரட்டினேன்.
நாற்பதிலும் என் கையெழுத்து:
பையுள், இல்லை.
பையுள், இல்லை.

வியாழக்கிழமை இருதயராஜ் வந்தார்.
காவலர் பெள்ளன் பலகையைக் காட்ட,
தோளில் இருந்ததை மறுக்காமல் மாட்டினார். டோக்கன் ஒன்பது.
தன் பையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்.
“படுக்கப் போட்டிருக்கீங்க. அது நிக்கும்.”
கொஞ்சம் கழித்து,
“உள்ள எதாச்சும் இருந்தா நிக்கும்.”

என்ன இருந்தது என்று பேனாவைத் திறந்தேன்.
“மேல மாசி. அதுக்குக் கீழ
கஸ்டம்ஸ்காரன் கைய விடல.”
கீழே என்ன என்று சொல்லவில்லை.
பூனைதான் தெரிந்தவர்போல் அவரை நிமிர்ந்து பார்த்தது.

வாசல் ஆணி வளைந்திருந்தது.
இரண்டு கிலோ உருளைக்கிழங்கு, ஒரு முட்டைக்கோஸ்,
விளிம்பு நீட்டிக்கொண்டு ஒரு எக்ஸ்ரே உறை.
இந்தக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே பை.
டோக்கனைக் கொடுத்து அதைத் தோளில் ஏற்றி
பஸ்ஸுக்குப் பைய இறங்கினார்.

மறுநாள் அமிலமில்லாத தாளைக் கசக்கி உள்ளே வைத்து
நாற்பத்தொன்றை நிமிர்த்தினேன்.
நிற்கிறது.
கனம் இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.
கடைசிக் கட்டம் இன்னும் காலி.
என் ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது.